நாற்காலியில் கை வைக்காதவள்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் இருமல் குறைந்ததா? அண்ணி மருந்து குடி என்றால் குடித்துத் தொலை, அவளோடு மல்லுக்கு நிற்காதே. உன் மகள் சிட்டு பரீட்சை எழுதிவிட்டு எப்படி இருக்கிறாள்? போனில் பேசலாம் என்றால் இந்த முதியோர் இல்லத்தின் ஒரே போன் செயலாளர் மேசையில் இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் அலுவலகமே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

போன வாரம் கார்டு ஐயாவின் கால் வெந்துவிட்டது. அவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். ரயிலில் கார்டாக இருந்தவர், வாதம் வந்து பேச்சுப் போனவர். எதற்குச் சம்மதம் என்றாலும் பச்சைக்கொடி காட்டுவதுபோல் வலது கையை உயர்த்துவார். அந்தக் கை உயர்ந்த பிறகுதான் நான் அவருக்கு ஊட்டுவேன், படுக்கையில் திருப்பிப் போடுவேன்.

துண்டுகளை எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் போனேன். உள்ளே ஒரு சத்தம். பேச்சில்லாத மனிதர் கத்துவதை நீ கேட்டதில்லை, கேட்கவும் வேண்டாம். குளிப்பாட்டுகிற பணியாளர் என்னை இடித்துக்கொண்டு வெளியே ஓடினார். அவரை நாங்கள் பக்திமான் என்றுதான் கூப்பிடுவோம். சட்டைக் கை முழுக்க ஈரம். பிரார்த்தனை மணி அடித்துவிட்டது, அவருக்கு முதல் வரிசை தவறக்கூடாது. உள்ளே கார்டு ஐயா ஸ்டூலில் நடுங்கிக்கொண்டிருந்தார், முழங்காலுக்குக் கீழே தோல் சிவந்து கழன்றிருந்தது. வாளியில் பாய்லர் தண்ணீர் அப்படியே ஆவி பறந்துகொண்டிருந்தது. பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டுக் கலக்கவில்லை. அம்மா நம்மைக் குளிப்பாட்டும்போது தன் முழங்கையை முதலில் வாளிக்குள் விட்டுப் பார்ப்பாளே, அதைச் செய்திருந்தால் போதும். அந்த அறைக் கதவுக்கு மேலே வராந்தாவைப் பார்த்தபடி 'கடவுள் பார்க்கிறார்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் விசாரணை. இங்கே விசாரணை என்றால் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். பிரார்த்தனைக் கூடத்தில் நிறுவனர் உட்கார்ந்த மர நாற்காலி ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவராகப் போய் அதன் கைப்பிடியில் கை வைத்து, 'கடவுள் அறிய என்மேல் குற்றமில்லை' என்று சொல்ல வேண்டும். சொன்னவர் நல்லவர், சொல்லாதவர் குற்றவாளி. எல்லோரும் வைத்தார்கள். பக்திமானும் வைத்தார், கண்ணில் நீர் வழிய. அப்புறம் என் முறை.

"எனக்கு நம்பிக்கை இல்லைங்க. நம்பாததுமேல கை வச்சா அதுவே பொய்யாயிடும். கண்ணால பாத்ததைச் சொல்றேன், கேளுங்க" என்றேன்.

செயலாளர் குரலை உயர்த்தாத மனிதர். "நம்பாதவங்க பேச்சை நாங்க எப்படிம்மா நம்புறது?" என்றார்.

ஆக, கார்டு ஐயாவின் காலை வேகவைத்தவள் நான். இது எந்த ஊர் நியாயம், அண்ணா?

கோபத்தோடு, ஆனால் அந்தக் கோபம் உன்மேல் இல்லை என்ற உறுதியோடு,
உன் தங்கை


ஜனவரி 21

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

கடவுள் அருளால் நாங்கள் எல்லோரும் நலம். உனக்குப் பிடிக்காவிட்டாலும் நான் அப்படித்தான் எழுதுவேன். இருமல் இருக்கிறது, கடையில் சீருடைத் தையல் மலைபோல் கிடக்கிறது, அண்ணி வழக்கம்போல் நான்தான் நோயாளி, தான்தான் வைத்தியர் என்று நடந்துகொள்கிறாள். உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

அம்மா தாயே, உன் கையைத்தானே கேட்டார்கள், தலையைக் கேட்கவில்லையே! மேசைமேல் கை வைக்கிறாய், சுவரில் வைக்கிறாய், அந்தக் கட்டையில் வைத்தால் கை ஒட்டிக்கொள்ளுமா? சொல்லிவிட்டு, பார்த்ததையும் சொல்லிவிட்டு வந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். சின்ன வயதிலிருந்தே உனக்கு எல்லாவற்றிலும் ஒரு முறுக்கு. செயலாளர் நல்ல மனிதர். நான் சொன்ன ஒரு சொல்லுக்காகத்தான் உன்னை வேலைக்கு எடுத்தார்.

இன்னொன்று. சிட்டு, உன் இல்லத்தை நடத்துகிறவர்களுடைய நர்ஸிங் பள்ளிக்கு மனுப் போட்டிருக்கிறாள். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சும்மா சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், வாயையும்.
உன் அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

எண்ணெய் தேய்க்கிறேன். நீ இருமலோடு ஊசியில் நூல் கோத்துக்கொண்டு கிடக்காமல் கொஞ்சம் வெயிலில் நட.

என்னைச் சலவைக்கு மாற்றிவிட்டார்கள். நாளெல்லாம் படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் போட்டு எடுத்துக் கொடியில் உலர்த்துகிறேன். முதியவர்களைத் தொடக்கூடாதாம், என் கை ஆபத்தான கையாம்! வேலை மாறியதற்கு நான் அழவில்லை. யார் குளிப்பாட்டுகிறார் தெரியுமா? அதே பக்திமான். குற்றவாளி அகப்பட்டாயிற்று, இனி அவரிடம் யார் கேட்கப்போகிறார்கள்? எனக்கு வயிறு எரிவது அதற்காக.

நீ சொன்னதையே யோசித்துப் பார்த்தேன். நான் கை வைத்து 'கடவுள் அறிய' என்று சொன்னால் என் சாட்சி செல்லும். அதாவது, முதலில் நான் ஒரு பொய் சொல்ல வேண்டும், அப்போதுதான் நான் சொல்கிற உண்மையை நம்புவார்கள். இதை எழுதும்போதே பேனாவைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம்போல் இருக்கிறது. பக்திமான் கொடுத்தது என்ன? கண்ணீரும் ஒரு வாக்கியமும். உடனே அவர் வெள்ளை. நான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன், நான் கறுப்பு. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கண்ணீர்கூட நிஜமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நேற்றுக் கொடியில் துணி போடும்போது ஜன்னல் வழியாகக் கார்டு ஐயாவைப் பார்த்தேன். வாளிச் சத்தம் கேட்டதும் உடம்பை ஒடுக்கிக்கொண்டார். கை உயரவில்லை. யாரும் அதற்குக் காத்திருக்கவும் இல்லை.

சிட்டு நல்லபடி படிக்கட்டும். அவளுக்கு என் முத்தம்.
உன் தங்கை


பிப்ரவரி 18

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வேண்டிக்கொள்வதற்காவது என்னைத் திட்டாதே.

ஒன்று கேட்கிறேன், பொறுமையாகப் படி. மேலே ஒருவர் இருக்கிறார் என்ற பயம் இல்லாவிட்டால் மனிதன் எதற்கு நல்லவனாக இருக்க வேண்டும்? யாரும் பார்க்காத நேரத்தில் அவனைப் பிடித்து நிறுத்துவது எது? நீ நல்லவள், நான் மறுக்கவில்லை. ஆனால் அது உன் சொந்தச் சம்பாத்தியம் இல்லை, அம்மா கும்பிட்ட கும்பிடு. அணைத்த அடுப்பிலும் கொஞ்ச நேரம் சூடு இருக்கும் இல்லையா, அந்த மாதிரி. உனக்குப் பிள்ளை இருந்து, அந்தப் பிள்ளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அப்போது தெரியும் சூடு எவ்வளவு மிச்சம் என்று.

இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. தையல்காரன் எனக்கு என்ன தெரியும்.

அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.
உன் அண்ணன்


பிப்ரவரி 27

அண்ணாவுக்கு,

சௌக்கியம் எல்லாம் பிறகு. தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று எழுதிவிட்டால் போதுமா? எடுத்துக்கொண்டேன்.

நான் அணைந்துபோன அடுப்பா? பிள்ளை இல்லாதவளிடம் பிள்ளையை வைத்து உதாரணம் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது?

அம்மாவை இழுத்தாய், நானும் இழுக்கிறேன். அம்மா கும்பிட்டாள், யார் இல்லை என்றது? ஆனால் வாளிக்குள் முழங்கையை விட்டாளே, அது எதற்கு? சூடாக ஊற்றினால் மேலே இருப்பவர் தண்டிப்பார் என்றா? நம் தோல் வெந்துவிடுமே என்றுதான். அந்த நேரத்தில் அவள் மனசில் நீயும் நானும் மட்டும்தான் இருந்தோம். கார்டு ஐயாவைத் தொடும்போது என் மனசில் அவர் மட்டும் இருக்கிறார். அவருக்கு வலிக்கும் என்பதைவிடப் பெரிய காரணம் ஒன்று வேண்டுமா? பயம்தான் மனிதனைப் பிடித்து நிறுத்தும் என்றால், அத்தனை பயம் உள்ள பக்திமானை அன்றைக்கு ஏன் நிறுத்தவில்லை? மணிச் சத்தம் கேட்டதும் ஓடவைத்ததே அந்தப் பயம்தானே?

உன்னை ஒன்றே ஒன்று கேட்கிறேன். செயலாளர் உன் பேச்சுக்கு மரியாதை கொடுப்பார். அவருக்கு ஒரு கடிதம் எழுது. அன்றைக்குக் குளிப்பாட்டியது யார் என்று ஒரே ஒரு கேள்வியை எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்கச் சொல். என்னை மீட்டுவிடு என்று கேட்கவில்லை. அந்த வாளியை அந்த ஆளிடமிருந்து வாங்கச் சொல்.

எழுதுவாய்தானே?
உன் தங்கை


ஏப்ரல் 30

அன்புத் தங்கைக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சீருடை வேலை, பிறகு இருமல், பிறகு ஏதேதோ. பிள்ளை விஷயத்தில் நான் எழுதியது தப்பு. அண்ணி படித்துவிட்டு என்னோடு பேசவே இல்லை.

நல்ல செய்தி சொல்கிறேன். உன் பிரச்சினை முடிந்தது. செயலாளர் எனக்கு எழுதியிருந்தார். குடும்பத்திலிருந்து மூத்தவர் ஒருவர் பொறுப்பேற்றால் மன்னித்துவிடலாம் என்று. இங்கே அவர்களுடைய கிளையிலும் ஒரு நாற்காலி இருக்கிறது. போனேன். உனக்காக நான் கை வைத்தேன். 'என் தங்கை கவனக்குறைவால் செய்துவிட்டாள், வருந்துகிறாள், கடவுள் அறிய இது உண்மை' என்று சொன்னேன். எல்லோருக்கும் திருப்தி. நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், செய்ய வேண்டாம். வாயை மட்டும் மூடிக்கொண்டு இரு.

சிட்டுவுக்கு நர்ஸிங் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. குதித்துக்கொண்டிருக்கிறாள்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.
உன் அண்ணன்


மே 8

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைச் சலவை அறையில் நின்றபடி படித்தேன்.

நான் செய்யவில்லை. உனக்குத் தெரியும். ஒரு நாளாவது, ஒரு நிமிஷமாவது நான் செய்திருப்பேன் என்று நீ நினைத்தாயா? இல்லை. தெரிந்தே போய், உன் கடவுளைச் சாட்சிக்கு இழுத்து, உன் தங்கை ஒரு கிழவரை வேகவைத்தாள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். அந்தக் கை இருக்கிறதா, அண்ணா? இன்னும் அதே கையால்தான் கும்பிடுகிறாயா?

எனக்குக் கடவுள் இல்லை. இருந்தும் அவர் பேரில் பொய் சொல்லக் கூடாது என்று நின்றேன். உனக்கு இருக்கிறார். உனக்கு அவர் எவ்வளவு வசதியாக இருக்கிறார்! பிப்ரவரிக் கடிதத்தில் கேட்டாயே, மனிதனைப் பிடித்து நிறுத்துவது எது என்று. உன்னை ஏன் ஒன்றும் நிறுத்தவில்லை?

என் பெயர் கெட்டதைத் துடைத்துக்கொள்வேன். ஆனால் நீ என்ன செய்தாய் என்று உனக்குப் புரிகிறதா? நான் ஒருத்தி இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவரை, யாராவது ஒருவருக்கு ஒரு சந்தேகமாவது இருந்தது. சமையல்கார அக்கா குளியலறைப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் சத்தியம் வந்ததும் அவளும் நிறுத்திவிட்டாள். "உங்க அண்ணனே சொல்லிட்டாரேம்மா" என்கிறாள். இனி அந்த வாளியை யார் பார்ப்பார்கள்?

சிட்டுவுக்கு இடம் கிடைத்தது என்று கடைசியில் சும்மா ஒரு வரி எழுதியிருக்கிறாய். எனக்குப் படிக்கத் தெரியும், அண்ணா. அவளிடம் இதைச் சொல்லாதே. அவளாவது குதிக்கட்டும்.

உன் தங்கை என்று எழுத இன்று கை வரவில்லை.


மே 29

அண்ணாவுக்கு,

நீ பதில் எழுதவில்லை. எழுதாமல் இருந்தது நல்லதுதான், நான் கிழித்துப் போட்டிருப்பேன். இதை நான் எழுதுவது உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும்.

கார்டு ஐயாவுக்கு மறுபடியும் வெந்துவிட்டது. இந்தத் தடவை கை. தண்ணீரைத் தடுக்க நீட்டியிருக்கிறார். வலது கை.

சத்தம் கேட்டு ஈரத் துணியோடு ஓடினேன். மணி அடித்துக்கொண்டிருந்தது. பிறகு குளியலறை வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். தண்ணீரை யார் கலக்குகிறார், யார் தொட்டுப் பார்க்கிறார் என்று இன்றைக்குச் சொல்லாமல் யாரையும் உள்ளே விடமாட்டேன் என்று கத்தினேன். செயலாளர் வந்தார். "பாவமன்னிப்பு கொடுத்தும் திருந்தலையேம்மா" என்றார், மெல்லத்தான். அன்று மாலையே என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இப்போது ஒரு மருத்துவமனைச் சலவையில் வேலை. உறையின் பின்பக்கம் இருப்பது புது முகவரி. எனக்கு நீ ஒன்றும் செய்ய வேண்டாம். செய்யத் தோன்றினால் அவரைப் போய்ப் பார். ஞாயிற்றுக்கிழமை வெளியாட்களை விடுவார்கள். எனக்கு இனி அந்த வாசல் கிடையாது.

தங்கை


ஜூன் 14

அன்புள்ள அத்தைக்கு,

சிட்டு எழுதுகிறேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா, முழங்கால் எப்படி என்று அம்மா கேட்கிறாள். நான் அழுதுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

உங்கள் கடைசிக் கடிதம் வந்த அன்று அப்பா மிஷினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். சட்டைக்குப் பொத்தான் வைக்க வந்தவரிடம் பொத்தானே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். கடை முழுக்கப் பொத்தான். பிறகு எல்லாக் கடிதங்களையும் எடுத்து என் கையில் கொடுத்து, "நீயும் படி. உன் பேர் இதுல இருக்கு" என்றார்.

படித்தேன், அத்தை. எனக்கு வந்த கோபத்தில் அப்பாவோடு சண்டை போட்டேன். நான் கும்பிடுகிறவள்தான், உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. "என் சாமி பேரைச் சொல்லி எங்க அத்தைய வித்து எனக்கு சீட்டு வாங்குனீங்களாப்பா?" என்று கேட்டேன்.

மறுநாள் அப்பா கிளைக்குப் போய், தான் சொன்னது பொய் என்று அதே நாற்காலியில் கை வைத்துச் சொல்லிவிட்டு வந்தார். அந்த வாரமே பள்ளியிலிருந்து எனக்கு இடம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். காரணம் போடவில்லை. அந்தப் பள்ளியில் நான் படித்து என்ன கற்றுக்கொள்ளப் போகிறேன்? வேறு இடத்தில் கேட்டிருக்கிறேன்.

அப்பா பையை எடுத்து வைத்திருக்கிறார். எங்கே என்று சொல்லவில்லை.

உங்கள் சிட்டு


ஜூலை 3

அன்புத் தங்கைக்கு,

நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

போன ஞாயிற்றுக்கிழமை உன் பழைய இடத்துக்குப் போனேன். செயலாளர் கூடத்தில் இருந்தார், பணியாளர்களும் சிலர் இருந்தார்கள். நேராகப் போய் நாற்காலியில் கை வைத்தேன். "இதே மாதிரி ஒண்ணுல கை வச்சு பொய் சொன்னவன் நான். என் தங்கச்சி செய்யலை" என்றேன்.

"கடவுள் மன்னிப்பார், உக்காருங்க" என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. உன் கோபம் எனக்குத் தொற்றிக்கொண்டதோ என்னவோ! "அவர் மன்னிக்கறது இருக்கட்டும். குளிப்பாட்டுனது யாருன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களாய்யா இத்தனை மாசத்துல? நான் பொய்ச் சத்தியம் பண்ணப்போ இந்தக் கட்டை என்னைக் கடிச்சுதா? என்னை நம்புனீங்க. அவளை நம்பலை" என்று கத்தினேன். செயலாளர் ஜன்னலைப் பார்த்தார். அவர் இப்போதும் கேட்கவில்லை, தங்கையே. சமையல்கார அக்காதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே நான் பாத்துக்கறேன்யா" என்றாள்.

பிறகு கார்டு ஐயாவிடம் போனேன். பக்திமான் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். தண்ணீரைத் தொட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "மணி அடிக்கப் போகுதுங்க" என்றார், கண் கலங்கி. அடிக்கப் போகிறவன்போல் போனவன் நான், என்னால் முடியவில்லை. கொஞ்ச நாள் முன்னால்வரை நானும் அவரும் ஒரே வரிசையில் நின்றவர்கள். வாளியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

மணி அடித்தது. எல்லோரும் போய்விட்டார்கள். வராந்தாவில் ஓர் ஆள் இல்லை. நான் கும்பிடுவதை விடவில்லை, விடவும் மாட்டேன். ஆனால் அன்றைக்குப் போகவில்லை. சட்டைக் கையை மடித்து முழங்கையைத் தண்ணீரில் விட்டேன். சுட்டது. பச்சைத் தண்ணீர் கலந்து மறுபடி விட்டுப் பார்த்தேன். நீ எழுதியிருந்த 'கடவுள் பார்க்கிறார்' என்ற வாசகத்தைத் தேடினேன். அது கதவுக்கு வெளியே இருக்கிறது, உள்ளே குளிப்பாட்டுகிறவனுக்குத் தெரிவதில்லை.

கார்டு ஐயா உடம்பை ஒடுக்கிக்கொண்டு வாளியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் கைக்காகக் காத்து நின்றேன். ரொம்ப நேரம் கழித்து, தழும்பு விழுந்த அந்த வலது கையை மெல்ல உயர்த்தினார்.

அதற்குப் பிறகுதான் ஊற்றினேன்.

உன் அண்ணன்